கரீனினைப் பற்றி நான் மூன்று முறை மாற்றிக்கொண்ட கருத்து

கேள்வி: படிக்கத் தொடங்கியபோது பிடிக்காத ஒரு நாவல், முடிப்பதற்குள் பிடித்துப்போன அனுபவம் உங்களுக்கு உண்டா? எந்த இடத்தில் மாறினீர்கள்?

உண்டு. கேள்வியைப் பார்த்தால், நீங்களும் ஏதோ ஒரு தடித்த நாவலை நூறாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டு, தொடரலாமா, கொடுத்தவரிடமே திருப்பித் தந்துவிடலாமா என்ற யோசனையில் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது நேர்ந்தது டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வில். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. தமிழ் மொழிபெயர்ப்பையும் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவன் நான். இலக்கிய விமர்சகனும் அல்லேன். நீர்ப்பாசனப் பணிகளின் கணக்குகளைச் சரிபார்த்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன். ஆகவே, 'இவருக்கு நாவலைப் பற்றிப் பேச என்ன தகுதி' என்று கேட்க நினைப்பவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம், நானே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்குப் போய்வரும் பாசஞ்சர் ரயிலில்தான் பெரும்பகுதியைப் படித்தேன். எட்டுப் பாகங்கள் கொண்ட நாவல் அது. முதல் மூன்று பாகங்களை முடித்திருந்த நிலையில், எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. அழகான ஒரு பெண், ரத்தமே ஓடாத ஓர் அதிகாரி கணவன், குதிரையோட்டும் ஒரு இளம் ராணுவ அதிகாரி, இவர்களுக்கு நடுவே விவசாயத்தைப் பற்றி ஓயாமல் கவலைப்படும் லெவின் என்ற பண்ணையார். லெவினை வெட்டி எடுத்துவிட்டால் நாவல் பாதியாகிவிடும், சுவையும் இரட்டிப்பாகும் என்று பேசினேன். கைதட்டினார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஐந்து நிமிடம். அதன்பின் பேசிய கூட்ட அமைப்பாளர், நாவலின் பக்கமே போகாமல், தாம் மாஸ்கோ போய்வந்ததைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பேசுபவருக்கு ஐந்து நிமிடமும் நன்றியுரைக்கு நாற்பது நிமிடமும் தரும் வழக்கத்தை நம் இலக்கியக் கூட்டங்கள் என்றைக்குக் கைவிடுமோ தெரியவில்லை. அது நிற்கட்டும்.

அந்தப் பேச்சில் நான் அதிகம் ஏளனம் செய்தது கணவன் கரீனினைத்தான். அதற்கு டால்ஸ்டாயே இடம் கொடுத்திருக்கிறார். மாஸ்கோவில் அந்த இளம் ராணுவ அதிகாரி விரான்ஸ்கியைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் அன்னா, பீட்டர்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது கணவனின் காதுகள். தொப்பியின் விளிம்பைத் தாங்கிக்கொண்டு நிற்கும் அந்தக் காதுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று அவள் நினைக்கிறாள். இத்தனை ஆண்டுகள் கூடவே இருந்த காதுகள்தான், அன்றுதான் தெரிகின்றன. அடுத்து விரல்கள். மனைவியிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்யும் கரீனின், சொல்ல வேண்டியதை ஓர் அலுவலக அறிக்கையைப் போல மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு, விரல்களைக் கோத்து நெட்டி முறிக்கிறார். அன்னாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது.

இந்த இடத்தை ஓர் இரவு வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, "ஏங்க, அந்த நெட்டி முறிக்கறத நிறுத்துங்களேன்" என்றார். நான் கைகளைப் பார்த்தேன். இடது கையில் நான்கு விரல்களை முடித்து, ஐந்தாவதற்கு வந்திருந்தேன். அந்த வாக்கியத்தை அவர் திருமணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதும், நான் ஒருமுறைகூடக் காதில் வாங்கியதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அன்றைக்கு என் கருத்து மாறிவிடவில்லை. கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது, டால்ஸ்டாய் மேல்.

கருத்து அசையத் தொடங்கிய இடம் வேறு, அதையும் நான் கூட்டத்தில் பேசுவதற்கு முன்பே படித்து, சிரித்துவிட்டுக் கடந்திருந்தேன். குதிரைப் பந்தயம் முடிந்து வண்டியில் திரும்பும் வழியில் அன்னா தன் காதலைக் கணவனிடம் சொல்லிவிடுகிறாள். கரீனின் என்ன செய்கிறார்? பிறகு மனைவிக்கு பிரெஞ்சு மொழியில் ஒரு கடிதம் எழுதுகிறார். தந்தத்தாலான கனத்த காகிதக் கத்தியால் அதை நீவி மடித்து, செலவுக்குப் பணமும் வைத்து உறையில் இடுகிறார். அதன்பின் மேசையிலிருக்கும் அலுவலகக் கோப்பு ஒன்றை எடுக்கிறார். சராய்ஸ்க் மாகாணத்து வயல்களுக்கு நீர்ப்பாசனம் செய்யும் திட்டம் பற்றிய கோப்பு அது. பெரும் பணம் வீணான திட்டம். அதில் எதிராளிகளை மடக்க ஒரு வழி தோன்றியதும் அவர் முகம் மலர்கிறது. படுக்கைக்குப் போகும்போது மனைவியின் விவகாரம் அவ்வளவு இருண்டதாகத் தோன்றவில்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். மனைவியிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு எங்களுக்குள் நடந்த ஒரு சண்டையில், அவர் மகளை அழைத்துக்கொண்டு திருவாரூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் தங்கிவிட்டார். அந்த மூன்று மாதத்தில் நான், இரண்டு ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த வாய்க்கால் தூர்வாரும் பணிகளின் பில்களை எல்லாம் எடுத்து, எம்.புக் எனப்படும் ஒவ்வொரு அளவுப் புத்தகத்தையும் வரிவரியாகச் சரிபார்த்து முடித்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் பாராட்டுக் குறிப்பாணை தந்தார்கள். அந்த நாட்களில் நான் ஒருவேளை கூடப் பட்டினி கிடக்கவில்லை, ஒருநாள் கூட அழவில்லை. அதனால் எனக்கு வலிக்கவில்லை என்று என் மைத்துனர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். கோப்பைத் திறப்பவனுக்கு வலி இல்லை என்று அவராலும் நினைக்க முடிந்தது, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்த என்னாலும் நினைக்க முடிந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு நான்காம் பாகத்தில்தான் அடங்கியது.

நான்காம் பாகத்தில் அன்னா, விரான்ஸ்கியின் குழந்தையைப் பெற்றெடுத்துவிட்டுச் சாகக் கிடக்கிறாள். தந்தி வருகிறது. இது ஏதோ சூழ்ச்சி என்றே கரீனின் முதலில் சந்தேகிக்கிறார். அவள் இறந்துவிட்டால் சிக்கல் தீரும் என்றும் நினைக்கிறார். அந்த நினைப்பையும் டால்ஸ்டாய் மறைப்பதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், விரான்ஸ்கி முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு அழுகிறான். அந்த அறையில் கரீனின் இருவரையும் மன்னிக்கிறார். இது நாடகத்தனம் என்றுதான் முதலில் தோன்றியது. கண்ணீரும் மன்னிப்பும் நம் பழைய படங்களில் போதுமான அளவு பார்த்தாயிற்று. என்னை அசைத்தது அதற்கு இரண்டு அத்தியாயம் தள்ளி வரும் ஒரு சிறு விஷயம். பிறந்த பெண் குழந்தையை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. தனக்குப் பிறக்காத அந்தக் குழந்தையைக் கரீனின் ஒரு நாளில் பலமுறை போய்ப் பார்க்கிறார். தொட்டிலருகில் பேசாமல் உட்கார்ந்து, அதன் சிவந்த முகத்தையும் மூடிய கைவிரல்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். முதலில் கூச்சப்பட்ட தாதிகளுக்கு அவர் வருவது பழகிப்போகிறது. குழந்தை ஓயாமல் அழுவதை விசாரிக்கும்போது, பாலூட்ட வைத்திருக்கும் பெண்ணிடம் பாலே இல்லை என்று தெரியவருகிறது.

அன்றைக்கு ரயில் கும்பகோணத்தில் வெகுநேரம் நின்றது. நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் 'ரத்தமே ஓடாத' என்று நான் சொன்னபோது எழுந்த சிரிப்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை திரும்பும் ரயிலில் மூன்றாம் பாகத்துக்குப் பின்னோக்கிப் போனேன். லெவின் புல் அறுக்கும் இரண்டு அத்தியாயங்களை முதல் வாசிப்பில் பக்கங்களைப் புரட்டி ஓட்டியிருந்தேன் என்பதை இப்போது சொல்வதில் தவறில்லை. நான் காவிரிப் படுகைக்காரன். எங்கள் பக்கம் குனிந்துதான் அறுப்பார்கள். அங்கே நீண்ட பிடி வைத்த பெரிய அரிவாளை நின்றபடி அரைவட்டமாக வீசுகிறார்கள். ஆனால் வரிசையில் முன்னே போகிறவரின் வேகத்துக்குப் பின்னே வருகிறவன் ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதும், பிறகு ஒரு கட்டத்தில் கை தானாக ஓடத் தொடங்குவதும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அங்கே ஒரு கிழவர் வருகிறார். லெவினோடு அறுத்துக்கொண்டே போகிறவர், புல்லுக்கிடையில் ஒரு காளானைக் கண்டால் குனிந்து பறித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இது கிழவிக்கு என்கிறார். அவ்வளவுதான். இந்த நாவலைப் பாதியாக வெட்டச் சொன்னவன் நான். வெட்டியிருந்தால் அந்தக் காளானும் போயிருக்கும்.

கரீனினை இவ்வளவு தூரம் ஆதரித்துப் பேசுவதால், நான் அன்னாவைக் குற்றம் சாட்டுகிறேன் என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதக்கூடும். இல்லை. அடுத்த பாகங்களில் என் கருத்து மீண்டும் கவிழ்ந்தது. மன்னித்த அதே மனிதர், லிடியா இவானோவ்னா என்ற பக்தி மிகுந்த சீமாட்டியின் பிடிக்குள் போய்விடுகிறார். தாய் இறந்துவிட்டாள் என்று மகனிடம் சொல்லப்படுகிறது. தாய் தன் மகனின் பிறந்தநாளன்று திருட்டுத்தனமாக அந்த வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது. கடைசியில் விவாகரத்துத் தருவதா இல்லையா என்ற கேள்வி, அரைத்தூக்கத்தில் குறி சொல்லும் ஒரு பிரெஞ்சுக்காரனிடம் விடப்படுகிறது. அன்னாவின் வாழ்க்கை அந்த ஆளின் உளறலில் முடிவாகிறது. அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியதை இங்கே எழுத முடியாது. நான் அந்த மனிதருக்கு வக்கீலாகத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் என் வாதத்தைத் தானே கெடுத்துக்கொண்டார். மன்னிக்கத் தெரிந்த மனிதருக்கு, மன்னித்தபின் ஊரார் முன் எப்படி நடமாடுவது என்று தெரியவில்லை. அவமானம் தாங்காமல் சாமியைப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் எனக்குப் புரிந்தது. வேறு விதமாகப் புரிந்தவர்கள் அவர்கள் பதிலை எழுதட்டும்.

எட்டாம் பாகத்துக்கு வந்தபோது அன்னா இறந்துவிட்டிருந்தாள். பலர் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. அன்றைய ரஷ்ய வாசகர்களுக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். நாவல் 1875 முதல் 1877 வரை ஒரு மாத இதழில் தொடராக வந்தது. கடைசிப் பாகத்தில், செர்பியப் போருக்குப் போகும் தொண்டர்களைப் பற்றி டால்ஸ்டாய் எழுதியிருந்தது இதழாசிரியர் கத்கோவுக்கு ஒப்பவில்லை. அவர் அந்தப் பாகத்தை வெளியிட மறுத்து, நாயகியின் மரணத்தோடு கதை முடிந்தது என்பதுபோல ஒரு குறிப்பை மட்டும் போட்டார். டால்ஸ்டாய் அதைத் தனி நூலாக அச்சிட்டார். தொடரை மட்டும் படித்தவர்களுக்கு, நான் இப்போது சொல்லப்போகும் வரி கிடைத்திருக்காது.

அது கரீனினைப் பற்றிய அத்தியாயம்கூட இல்லை. ஒரு ரயில் நிலையத்தில், போருக்குப் போகும் விரான்ஸ்கியின் தாயார், எதிரே இருப்பவரிடம் அன்னாவைத் திட்டித் தீர்க்கிறார்; செத்த விதம்கூடச் சரியில்லை என்கிறார். அந்தப் புலம்பலுக்கு நடுவே போகிறபோக்கில், கரீனின் ஈமச்சடங்குக்கு வந்திருந்தார், குழந்தையை அவர் எடுத்துக்கொண்டார், கொடுத்துவிட்டோமே என்று இப்போது என் மகன் தவிக்கிறான் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுகிறார். நானும் தாண்டிப் போய்விட்டேன். அரைப் பக்கம் போனபிறகுதான் திரும்பி வந்தேன். அதற்குமேல் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். எதுவும் இல்லை.

வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், முன்பு பேசியதைத் திரும்பப் பெறுவதாகச் சொல்ல ஐந்து நிமிடம் கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்றார்கள். ஆகவே அந்த வரியை வீட்டில் மனைவிக்குத்தான் வாசித்துக் காட்டினேன். அவர் நாவலைப் படித்தவரில்லை; நான் ரயிலில் படித்ததை இரவில் சொல்லக் கேட்டவர்.

"அந்தக் குழந்தை பேரு என்ன?" என்று கேட்டார்.

"அன்னா" என்றேன்.

"அம்மா பேரேவா?" என்றவர், கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்துவிட்டு, "அப்போ அந்த மனுஷன் தினமும் அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பாரு" என்றார்.