பரணில் பதினொரு டிபன் கேரியர்

அன்புள்ள ஐயா,

இரவு பதினொரு மணிக்கு மேல் போனில் எதையாவது வாங்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆறு பார்சல்கள் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. மனைவிக்குத் தெரியாது. கிரெடிட் கார்டு பாக்கி ஒரு லட்சம். மினிமம் தொகையை மாதாமாதம் தவறாமல் கட்டிவிடுகிறேன். இது நோயா, என் குணமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நோயா குணமா என்ற வழக்கு நூறு வருடமாக நடக்கிறது. ஜெர்மானிய மனநல மருத்துவர் கிரேப்ளின் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பாடநூலில் எழுதிவிட்டார். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. தூக்கம் கெடுகிறதென்றால் மருத்துவரைப் பாருங்கள். அதில் கூச்சம் எதற்கு?

எனக்கு எரிச்சல் மூட்டியது 'தவறாமல்' என்ற சொல். காகிதம் எடுங்கள். பாக்கி 1,00,000. வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 3,500. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 630. மினிமம் ஐந்து சதவீதம் என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 5,000. அசலில் கழிவது 870 ரூபாய்! பாக்கி நிற்கும்வரை புதுச் சாமானுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. வாங்கிய இரவே வட்டி ஓடத் தொடங்கிவிடும். கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான், பயமாவது இருக்கும். இதில் உங்களுக்குப் பெருமை வேறு.

என் பெரியம்மாவுக்கு எவர்சில்வர். வெள்ளிக்கிழமை மதியம் தவணைக்காரர் சைக்கிளில் வருவார். திண்ணையில் சாக்கை விரித்து ஒவ்வொரு பாத்திரமாகத் துடைத்து வைப்பார். "அக்கா, இது உங்களுக்கென்றே எடுத்துவைத்தது." பெரியம்மா மூடியைத் திறந்து மூடி, அந்த 'டொக்'கைக் கேட்பாள். அட்டையில் கணக்கு ஏறும். பெரியப்பா வருவதற்குள் சாமான் அரிசி டிரம்முக்குள் போய்விடும்.

அவள் போன பிறகு பரணை ஒழித்தோம். பதினொரு டிபன் கேரியர். ஒன்றில்கூடச் சோறு வைத்ததில்லை. பெரியப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "கேட்டிருந்தால் நானே வாங்கித் தந்திருப்பேனே" என்றார். பொய். அந்த வீட்டில் 'உனக்கென்றே' என்று அவளிடம் யாரும் எதையும் நீட்டியதில்லை, நான் உட்பட.

உங்கள் போனும் 'உங்களுக்காக' என்றுதான் கடை விரிக்கிறது, கவனித்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பெட்டிகளையும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். திட்டுவார், திட்டட்டும். திருப்பி அனுப்பக் கெடு தாண்டாதது ஏதாவது இருந்தால் அன்றே அனுப்பிவிடுங்கள்.