ஒரே உயிருக்கு இரண்டு பெயரா?

ஐயா, வணக்கம்.
புதைபடிவங்கள் பற்றிய கட்டுரையில் ஒரே டைனோஃபிளாஜெல்லேட்டை ஓரிடத்தில் ‘கோனியாலாக்ஸ்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஸ்பைனிஃபெரைட்டிஸ்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்று என்று தெரிந்த பிறகும் ஒரு பெயரை ஏன் கைவிடவில்லை? அப்புறம், டைனோசருக்கும் இதற்கும் உறவு உண்டா?
— க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உறவே இல்லை. டைனோசரில் இருப்பது ‘பயங்கரம்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். இதில் இருப்பது ‘சுழற்சி’. இரண்டு சாட்டை இழைகளை ஆட்டிச் சுழன்று நீந்தும் ஒற்றைச் செல் உயிர் இது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னினவே, அதுவும் இந்தக் கூட்டத்தின் வேலைதான்.

சரி, பெயருக்கு வருவோம். 1830களில் எஹ்ரன்பெர்க் என்ற ஜெர்மானியர் சிக்கிமுக்கிக் கல்லின் மெல்லிய சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். முள் முளைத்த சின்ன உருண்டைகள் தெரிந்தன. நன்னீர்ப் பாசி என்று நினைத்து அதன் பெயரையே சூட்டிவிட்டார். பின்னால் வந்தவர்கள் முள்ளம்பன்றியை நினைத்து ‘ஹிஸ்ட்ரிக்கோஸ்ஃபியர்’ என்றார்கள். என்ன உயிர் என்பது மட்டும் பிடிபடவில்லை.

1961இல் வில்லியம் எவிட் என்ற புதைபடிவ ஆய்வாளர் கவனித்தது முள்ளை அல்ல, முள் நிற்கும் இடத்தை. உயிருள்ள கோனியாலாக்ஸின் மேல் செல்லுலோஸ் தட்டுகள், கால்பந்தின் தோல் துண்டுகளைப் போலப் பொருந்தியிருக்கும். ஸ்பைனிஃபெரைட்டிஸ் என்ற முள் உருண்டையின் முட்கள் அந்தத் தட்டுகள் கூடும் மூலைகளில் நிற்கின்றன. மூன்று தட்டுகள் கூடும் இடத்தில் முள்ளின் நுனியும் மூன்றாகப் பிரிகிறது. உருண்டையில் உள்ள ஓட்டையும் உடைசல் இல்லை. சரியாக ஒரு தட்டின் வடிவம், எப்போதும் அதே இடம். உள்ளே உறங்கிய உயிர் வெளியேறிய கதவு அது. இன்றும் ஒரு சிஸ்ட், அதாவது உயிர் உறங்கும் உறை, கிடைத்தால் முதலில் கதவைத் தேட வேண்டும். முள்ளை அளப்பதெல்லாம் அப்புறம்.

ஆக, நம் கையில் இருப்பது அந்த உயிர் தன் ஓட்டுக்குள் கட்டிக்கொண்ட உறை மட்டும். தட்டுகள் மக்கிவிடும். உறையோ, பாறையைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கும் அசையாது.

1960களில் டேவிட் வாலும் பாரி டேலும் இன்றைய கடற்சேற்றிலிருந்து உயிருள்ள சிஸ்ட்களை எடுத்து ஆய்வகத்தில் பொரிக்க வைத்தார்கள். ஸ்பைனிஃபெரைட்டிஸிலிருந்து கோனியாலாக்ஸ் வந்தது. சிக்கல் என்னவென்றால், பார்த்தவுடனே வேறு வேறு என்று தெரியும் பல சிஸ்ட்களிலிருந்து வந்தவை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. எல்லாம் ‘கோனியாலாக்ஸ் ஸ்பைனிஃபெரா’. நீங்கள் சொல்வதுபோல் உறையின் பெயரை விட்டால் இந்த வேறுபாடு போய்விடும். பாறையின் வயதைக் கணிப்பவருக்கு வேண்டியதே அதுதான். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேஷியஸ் காலத்து உறை ஒன்றிலிருந்து என்ன நீந்தி வந்தது என்பதை யாரும் பார்க்கவும் போவதில்லை.

கதவும் தட்டுத் தடயமும் இல்லாத உருண்டைகளை எவிட்டே 1963இல் ‘அக்ரிடார்க்’ என்று தனிப்பெட்டியில் போட்டார். பூர்வீகம் தெரியாதது என்று பொருள்.

எந்தப் பெயர் உறைக்கு, எது நீந்தும் உயிருக்கு என்று சொல்லாமல் விட்டது என் தவறு. கட்டுரையில் சேர்த்துவிட்டேன்.