காய்ச்சல் விட்டது, கிருமி விட்டதா?

கேள்வி: நான் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். வயது 46, ஏழு வருடமாகச் சர்க்கரை. திடீரென்று குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, வலது விலாவுக்குக் கீழே முதுகில் வலி. பலதுறை மருந்தகத்தில் சிறுநீரகத்தில் கிருமித் தொற்று என்று 10 நாளைக்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் நிறுத்திவிட்டேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி தன் வைத்தியரிடம் அழைத்துப் போனார். அவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, ‘ஈரச்சூடு, கிட்னியும் பலவீனம்’ என்று சொல்லிக் கஷாயத்துக்கு மூலிகை கட்டிக் கொடுத்தார். குடிக்கலாமா? என் கிட்னி கெட்டுவிட்டதா?

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே ‘உடனே மருத்துவரைப் பாருங்கள்’ என்று பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது உங்களைப்போல் பாதியில் நிறுத்திவிட்டு இருக்கும் மற்றவர்களுக்காகவும்தான்.

இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை கிருமி. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதன் வழியே ஏறிச் சிறுநீர்ப்பைக்குள் தங்குகிறவரை எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு, அவ்வளவுதான். அங்கிருந்து மேலே ஏறிச் சிறுநீரகத்தின் சதையில் புகுந்தால்தான் நீங்கள் சொன்ன நடுக்கமும் முதுகுவலியும். மூன்றாம் நாள் காய்ச்சல் விடுவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மிச்சமிருக்கும் கிருமி சீழ்க்கட்டியாக மாறலாம், ரத்தத்தில் கலக்கலாம். கல் அடைத்துக்கொண்டு, அதற்கு மேலே சீழ் தேங்கிய நிலையில், நினைவு தப்பி வந்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். அவரும் உங்களைப்போல மாத்திரையைப் பாதியில் விட்டவர், அதுவும் இரண்டு முறை.

வயிறு புரட்டினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு எடுக்கச் சொல்வார், அல்லது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவைப் பார்த்து வேறு மாத்திரைக்கு மாற்றுவார். நீங்களாக விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம்.

சரி, சீன வைத்தியத்துக்கு வருவோம். ‘கிட்னி பலவீனம்’ என்றதும் பயந்துவிட்டீர்கள். சீன மருத்துவத்தில் ‘ஷென்’ என்பது நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு மட்டுமல்ல. முதுமை, எலும்பு, முடி, பிள்ளைப்பேறு எல்லாம் அதில் அடக்கம். இடுப்பு வலித்தால்கூட ஷென் பலவீனம் என்பார்கள். நம் சித்த வைத்தியர் ‘பித்தம்’ என்றால் பித்தப்பையில் கல் என்றா எடுத்துக்கொள்கிறோம்? உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு சொல்லும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

‘ஈரச்சூடு’ என்பது நீர்க்கடுப்புக்கு அவர்கள் சொல்லும் காரணம். அதற்குப் பேர்போன மருந்து பா ஜெங் சான், சீனாவின் சுங் மன்னர் பரம்பரைக் காலத்தது, வயது சுமார் 900 ஆண்டு. அதில் அதிமதுரமும் உண்டு, பேதிக்குக் கொடுக்கும் சீன ரேவல்சின்னியும் உண்டு. திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வரும் பெண்களுக்குச் சீன மூலிகைகள் ஓரளவு உதவலாம் என்று 2015-இல் ஒரு காக்ரேன் தொகுப்பாய்வு (பல சோதனைகளைச் சேர்த்து எடைபோடும் ஆய்வு) சொன்னது. ஆனால் அதில் இருந்தது 7 சோதனைகள், 542 பெண்கள். தரமும் போதாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதுவும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு. காய்ச்சலோடு சிறுநீரகத்துக்கு ஏறியதற்குக் கஷாயம் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உண்மையான கவலை வேறு. பா ஜெங் சானில் ‘மு தொங்’ என்று ஒரு கொடி சேரும். அதற்குப் பதிலாகப் பல காலம் ‘குவான் மு தொங்’ என்ற வேறொரு கொடியைப் போட்டார்கள். அதில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. அங்கேயும் இதே ஆள்மாறாட்டம்தான், வேறொரு மூலிகையில். சீனா 2003-இல் குவான் மு தொங்கைத் தடை செய்தது. முறையாகப் பதிவுபெற்ற வைத்தியரிடம் இந்த ஆபத்து குறைவு. ஊருக்குப் போனவர் வாங்கி வந்த பொட்டலம், இணையத்தில் வந்த டப்பா என்றால் தொடாதீர்கள்.

சீனாக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் குவான் மு தொங்கின் அதே குடும்பம், அதே அமிலம். ‘மூலிகைதானே’ என்று இடித்துக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆகவே, மூலிகைப் பொட்டலத்தோடு அதன் சீட்டையும் எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகம் போங்கள். சீன எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அங்கே படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள். ஆண்டிபயாட்டிக் முடியும்வரை கஷாயம் வேண்டாம். பிறகு வேண்டுமானால் அந்த வைத்தியரிடமே, சர்க்கரை மாத்திரைப் பட்டியலைக் காட்டிவிட்டு, கேளுங்கள். நடுவில் மறுபடி நடுக்கம் வந்தாலோ, மாத்திரை வாந்தியில் வெளியே வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காலை வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எழுந்து நிற்க முடியாவிட்டால் ஆம்புலன்சுக்கு 995.

எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் கோபம் வேண்டாம். அவர் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தால் தாராளமாகக் குடியுங்கள். கற்கண்டு மட்டும் போடவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.