இரவு இரண்டு மணி வரை கேம்: இது போதையா, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பள்ளி விட்டு வந்து மொபைலில் கேம் ஆட உட்கார்ந்தால் இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறது. காலை ஆறரைக்கு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சில வாரங்களாக வலது கட்டைவிரல் வலிக்கிறது, கண் எரிகிறது என்கிறான். மதிப்பெண் இறங்கிவிட்டது. எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறான். போனைப் பிடுங்கி உடைத்துப் போடலாம் என்கிறார் அவன் அப்பா. இது போதை நோயா? என்ன செய்வது?

பதில்: போனை உடைக்க வேண்டாம். அவன் அப்பாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். உடைத்தால் அவன் உங்களிடம் பேசுவதை நிறுத்துவான், விளையாடுவதை நிறுத்த மாட்டான்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அவன் தூங்கும் நேரம். இரண்டு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் நான்கரை மணி நேரத் தூக்கம். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். பாதித் தூக்கத்தில் வாரக்கணக்காக ஓடும் பிள்ளைக்கு எரிச்சல், மறதி, பாடத்தில் கவனம் நிற்காமை எல்லாமே வரும். அவன் கேமே ஆடாமல் கதைப்புத்தகம் படித்துக்கொண்டு விழித்திருந்தாலும் வரும். பருவ வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அதோடு திரை வெளிச்சமும், ஆட்டத்தின் படபடப்பும் சேர்ந்தால் போனைக் கீழே வைத்த பிறகும் தூக்கம் உடனே வராது. அதனால், அவன் குணம் மாறிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கவிட்டுப் பாருங்கள்.

சரி, போதையா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் 'கேமிங் கோளாறு' ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் எத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று கணக்கு எதுவும் இல்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே முதலிடத்துக்கு வருவது, வாழ்க்கை சேதமாவது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இந்த மூன்றும் சேர்ந்து, படிப்பையோ உறவுகளையோ கடுமையாகப் பாதித்து, பொதுவாக ஓர் ஆண்டாவது நீடித்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரை வைப்பார்கள். மிகக் கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே வைப்பதும் உண்டு. விளையாடுகிறவர்களில் மிகச் சிலரே இந்த நிலைக்குப் போகிறார்கள். உங்கள் மகன் பள்ளிக்குப் போகிறான், வலியை உங்களிடம் வந்து சொல்கிறான். கடிதத்தை மட்டும் வைத்து அவனுக்கு அந்த முத்திரையைக் குத்த நான் தயாராக இல்லை.

ஆனால் ஒன்றை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கேம் வருவதற்கு முன்பே அவன் வாடிப்போயிருந்தானா? மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகள் ஆட்டத்துக்குள் ஒதுங்குவது உண்டு. பள்ளியில் கேலிக்கு ஆளாகிற பையனுக்கு, அவனைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டுகிற ஒரே இடம் அந்த ஆன்லைன் குழுவாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் போனைப் பிடுங்குவது அவனுக்கு இருந்த ஒரே தோழமையையும் பிடுங்குவதாகிவிடும்.

அடுத்து அந்தக் கட்டைவிரல். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களால் அதை மூடி முஷ்டி பிடிக்கச் சொல்லுங்கள். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்க்கட்டும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர் என்று வலித்தால், விரலை அசைக்கும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கைக்குழந்தையை ஓயாமல் தூக்கும் தாய்மார்களுக்கும் இதே வலி வரும். கேமால் வரும் விரல் வலி ஒன்றும் புதிதல்ல. 1990-லேயே ஒரு மருத்துவ இதழில், நிண்டெண்டோ ஆடி வந்த கட்டைவிரல் வலிக்கு 'நிண்டெண்டினிட்டிஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை போட்டு, சில வாரம் விரலுக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓய்வு என்றால் டைப் செய்வதையும் குறைக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போனாலோ, மரமரப்பால் இரவில் விழித்துக்கொண்டாலோ அது நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண் எரிச்சலுக்குக் காரணம் எளிது. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்து, கண் காய்ந்துபோகிறது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது அரை நிமிடம் பார்த்தாலே நல்ல மாற்றம் தெரியும். கிட்டப்பார்வை இருக்கிறதா என்று ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அப்புறம், பகல் வெளிச்சத்தில் வெளியே ஓடியாட ஒரு மணி நேரமாவது அவனுக்குக் கிடைக்கட்டும். ஹெட்போன் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் அது அதிகம்.

ஒருநாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஓர் ஆட்டம் முழுக்கப் பாருங்கள். பல ஆன்லைன் ஆட்டங்களை நடுவில் நிறுத்திவைக்க வழியே கிடையாது. 'இப்பவே அணை' என்று நீங்கள் சொல்லும் நிமிடத்தில் அவனோடு இன்னும் மூன்று பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவன் பாதியில் விலகினால் அணியே தோற்கும். வீட்டில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடத்தில்தான் வெடிக்கிறது. அதனால் மணிக்கணக்கு பேசாமல் ஆட்டக்கணக்கு பேசுங்கள். 'இன்று மூன்று ஆட்டம், கடைசி ஆட்டம் ஒன்பதரைக்குள் தொடங்கிவிட வேண்டும், பத்தரைக்கு போன் கூடத்தில் சார்ஜில் இருக்கும்.' இதை அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் இருவரின் போனும் அதே இடத்துக்கு வரட்டும். என்னிடம் வந்த பல குடும்பங்களில் இந்த ஒரு ஏற்பாடுதான் நிலைத்து நின்றது. தூங்கும் நேரத்தை ஒரே நாளில் இழுக்க வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டு வந்தால் போதும்.

கேமே விஷம் என்று அவனிடம் சொல்லாதீர்கள், அது உண்மையும் அல்ல. வேக ஆட்டங்கள் ஆடுகிறவர்களுக்குக் கண்ணால் கவனிக்கும் திறன் கூடுகிறது என்று 2003 முதலே ஆய்வுகள் வந்திருக்கின்றன. கவனக்குறைவுக் கோளாறுள்ள குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்ட ஒரு வீடியோ கேமுக்கு 2020-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதியும் கொடுத்தது.

மூன்று வாரம் முயன்றும் இரவு பகல் தலைகீழாகவே இருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், கேமுக்குள் பொருள் வாங்க உங்களுக்குத் தெரியாமல் பணம் எடுத்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதற்கென்றே பயன் தரும் பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. திரை மின்னும்போது வலிப்பு வந்தாலோ, நெடுநேரம் உட்கார்ந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தாலும், கோபத்தில் சொல்கிறான் என்று விட்டுவிடாமல் அவனைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.