குளிர்நாள் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளாகப் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் வசிக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வேண்டிய வெப்பம், நகரத்துக்குச் சொந்தமான நிறுவனம் அனுப்பும் வெந்நீர்க் குழாயில் வருகிறது. அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு, முற்றத்தில் ஆழ்துளைகள் போட்டு, நிலத்தடிச் சூட்டை மின்சாரத்தால் எடுத்துத் தரும் ஹீட் பம்ப் வைக்கலாமா என்று அடுத்த மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் வாக்கெடுப்பு. கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். ஆனால் மாதச் செலவு குறையும் என்கிறார்கள். "நிலக்கரியை மூடிவிட்டார்கள், இப்போது அவர்களும் மின்சாரத்தில்தான் சூடாக்குகிறார்கள், அதை நாமே செய்தால் என்ன?" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். செலவும் குறைய வேண்டும், கார்பனும் குறைய வேண்டும் என்றால் எந்தத் தொழில்நுட்பம் சரி? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரே வரியில் என்றால், இணைப்பைத் துண்டிக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நம்மூர் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஹெல்சின்கி கட்டடங்களுக்கு வேண்டிய வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு, தெருக்களுக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களில் வருகிறது. 1950களில் தொடங்கிய ஏற்பாடு இது. மின்சாரம் மட்டும் எடுக்கும் நிலக்கரி நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகக் கடலுக்கோ காற்றுக்கோ போய்விடும். அந்த வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்பினால் பத்தில் ஒன்பது பங்கு பயன்படும். மிகச் சிக்கனமான ஏற்பாடு. ஒரே குறை, எரித்தது நிலக்கரி. 2029 மே மாதம் முதல் நிலக்கரியை எரிக்கக் கூடாது என்று பின்லாந்து சட்டம் போட்டது. ஹெல்சின்கி அதற்கு முன்பே முடித்துவிட்டது. ஹனசாரி நிலையம் 2023 ஏப்ரலில் நின்றது. சல்மிசாரியில் 2025 ஏப்ரலில் நிலக்கரி நின்றது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த நிலையங்கள் குளிர்காலத்தில் வெப்பத்தோடு மின்சாரமும் கொடுத்துக்கொண்டிருந்தன. அவற்றை மூடி ஹீட் பம்ப் வைக்கும்போது, மின்சாரம் கொடுத்த இடமே மின்சாரம் கேட்கும் இடமாக மாறிவிடுகிறது. அதுவும் கடுங்குளிர் நாளில், நாடு முழுக்க ஹீட்டர் ஓடும்போது. 2024 ஜனவரி 5 உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கமாக யூனிட்டுக்குச் சில சென்ட் இருக்கும் சந்தை விலை, அன்று ஒரு மணிநேரத்தில் 1.90 யூரோ அளவுக்குப் போனது. ஆண்டு சராசரி விலையை வைத்துப் போடும் எந்தக் கணக்கிலும் இந்த ஒரு நாள் தெரியாது. ஒரு நகரத்தின் வெப்பச் செலவைத் தீர்மானிப்பதோ இப்படிப்பட்ட சில நாட்கள்தான்.

அதனால் எந்த இயந்திரம் நல்லது என்று கேட்பதைவிட, எந்த நேரத்துக்கு எந்த வெப்பம் என்று கேட்பது சரி. உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல விடைகள் இருக்கின்றன. கவிஞர் கத்ரி வாலாவின் பெயரிலுள்ள பூங்காவுக்கு அடியில், பாறைக்குள், 2006 முதல் ஒரு ஹீட் பம்ப் நிலையம் ஓடுகிறது. குளியலறைகளிலும் சமையலறைகளிலும் ஊற்றிய வெந்நீர், சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டிய பிறகும் உறைநிலைக்கு நன்றாக மேலேதான் இருக்கும். ஃபிரிட்ஜ் தன் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுவது போல, இந்த நிலையம் கழிவுநீரின் சூட்டை எடுத்து நகரக் குழாயில் தள்ளுகிறது. மின்சாரம் ஒரு யூனிட் கொடுத்தால் வெப்பம் ஏறக்குறைய மூன்று யூனிட். ஏற்கெனவே காசு கொடுத்துச் சூடாக்கிய நீரிலிருந்து அதே சூட்டை மறுபடி எடுப்பதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது முஸ்திக்கமா தீவு. பழைய எண்ணெய்க் கிடங்காக இருந்த பாறைக் குகைகளில் 2,60,000 கன மீட்டர் நீரை நிரப்பி வெப்பத்தைச் சேமிக்கிறார்கள். 11,600 மெகாவாட் மணி, நம் கணக்கில் 1 கோடியே 16 லட்சம் யூனிட். 120 மெகாவாட்டில் எடுத்தால் நான்கு நாள் தாங்கும். காற்று பலமாக வீசும் இரவில் மின்சாரம் சும்மா கிடைக்கிற விலைக்கு வரும்போது மின் பாய்லரைப் போட்டுக் குகையை நிரப்பிக்கொள்ளலாம். மின் பாய்லர் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஆனால் வாங்க மலிவு, சட்டென்று ஓடவும் நிற்கவும் செய்யும். ஆண்டு முழுக்க ஓட்டினால் வீண். சரியான மணிநேரத்தில் ஓட்டினால் லாபம்.

ஊர் மாறினால் விடையும் மாறும். பின்லாந்தின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அணு, காற்று, நீர், மர எரிபொருள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதனால் அங்கே ஹீட் பம்ப் கார்பனைக் குறைக்கிறது. அதே பம்பை முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டிப் பாருங்கள். எரித்ததில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகிறது. பம்ப் அதை மூன்று மடங்காக்குகிறது. கடைசியில் அந்த நிலக்கரியை பாய்லரில் நேராக எரித்த மாதிரிதான். போலந்தின் வார்சா போல நிலக்கரியை நம்பியிருக்கும் நகரம் இந்தக் கணக்கைப் போடாமல் பம்ப் வாங்கக் கூடாது.

மர எரிபொருளில் எனக்கு உடன்பாடில்லை. மரம் திரும்ப வளரும் என்று கார்பன் கணக்கேட்டில் சுழியம் எழுதினாலும் புகைபோக்கியில் கார்பன் போகத்தான் செய்கிறது. வெட்டிய காடு திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஹெல்சின்கி 2020ல் 10 லட்சம் யூரோ பரிசு வைத்து, நகரத்தை எப்படிச் சூடாக்கலாம் என்று உலகத்தையே கேட்டது. மர எரிபொருள் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. நியாயமான கேள்வி. ஆனாலும் நிலக்கரியின் இடத்தில் ஒரு பகுதிக்கு மரம் வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து எஸ்போவில் 6 கிலோமீட்டருக்கும் மேல் துளை போட்டுப் பூமியின் சூட்டை எடுக்கப் பார்த்தார்கள். பாறைக்குள் போதுமான நீர் ஓடவில்லை, கட்டுப்படியாகவில்லை.

இப்போது உங்கள் முற்றம். பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதச் செலவு குறையலாம், பல கட்டடங்களில் குறைந்திருக்கிறது. ஆனால் ஆழ்துளை ஹீட் பம்பை உச்சக் குளிரின் முழுத் தேவைக்கும் பொதுவாக அளவெடுப்பதில்லை, விலை எகிறிவிடும். மிச்சத்தைச் சாதாரண மின் ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். அதாவது மைனஸ் இருபதில், மின்சாரம் மிக அரிதாக இருக்கும் அந்த மணிநேரத்தில், உங்கள் கட்டடம் மிக அதிகமாக மின்சாரம் கேட்கும். உங்களுக்குக் குகையும் கிடையாது, கழிவுநீரும் கிடையாது. இன்னொன்று, முற்றமும் கடன் வாங்கும் வசதியும் உள்ளவர்கள் முதலில் வெளியேறினால், அத்தனை குழாய்களின் பராமரிப்புச் செலவும் வெளியேற முடியாதவர்கள் தலையில் விழும். நடு நகரத்தில் முற்றமே இல்லாத வாடகைக் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். இது எனக்கு உறுத்துகிறது.

இணைப்பை வைத்துக்கொண்டே செய்யக்கூடியது நிறைய. கட்டடத்தின் காற்றோட்டக் குழாயில் வெளியேறும் சூடான காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பம்ப் வைக்கலாம், அதற்கு முற்றத்தைத் தோண்ட வேண்டாம். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சமன்படுத்தச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் கீழ்த்தள வீடு வெந்துகொண்டிருக்கும், மேல்தளம் நடுங்கும், அதனால் எல்லோருக்குமாகச் சூட்டை ஏற்றி வைத்திருப்பார்கள். பின்லாந்தில் குழாய்நீர் வெளியே உள்ள குளிரைப் பொறுத்து 65 முதல் 115 டிகிரி வரை வருகிறது. கட்டடங்கள் குறைந்த சூட்டிலேயே சமாளிக்கப் பழகினால் நகரத்தின் எல்லா ஹீட் பம்புகளுக்கும் வேலை குறையும். ஒரு பம்ப் எவ்வளவு உயரத்துக்குச் சூட்டைத் தூக்க வேண்டுமோ அவ்வளவு மின்சாரம் தின்னும்.

கூட்டத்தில் துளை போடும் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மைனஸ் இருபதில் கட்டடம் எத்தனை கிலோவாட் மின்சாரம் இழுக்கும்? அதற்கு மின் இணைப்பைப் பெரிதாக்க என்ன செலவு? கடன் வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் மாதக் கணக்கு என்னவாகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்விட்டுச் சொல்லும் சராசரியை நம்பி வாக்களிக்க வேண்டாம்.

அன்புடன்