ராஜஸ்தானின் ஃபட் ஓவியத்தில் கதை ஏன் வரிசையாக இல்லை?

ஃபட் என்பது பாபூஜி, தேவநாராயண் போன்ற நாட்டுப்புறத் தெய்வங்களின் கதையை நீளத் துணியில் வரைந்த சுருள். பில்வாரா, ஷாபுரா பக்கத்து ஜோஷி குடும்பங்கள் தலைமுறைகளாக வரைகிறார்கள். மந்தையோடு அலையும் மக்களால் கோயில் தேடிப் போக முடியாது. அதனால் போபா என்ற பூசாரிப் பாடகர் கோயிலையே சுருட்டி எடுத்து வருவார். பாபூஜி கதையென்றால், இரவில் விரித்துக் கட்டி, ராவணஹத்தா என்ற வில்லிசை நரம்புக் கருவியை வாசித்துப் பாடுவார். அவர் மனைவி விளக்கைப் பிடித்து அந்தந்தக் காட்சியைக் காட்டுவார்.

காட்சிகள் இடத்தை வைத்து அமைந்தவை. ஒரே திண்ணையில் பெண் பார்த்ததும் பாகப்பிரிவினைச் சண்டையும் நடந்திருந்தால், இரண்டும் அந்தத் திண்ணைப் படத்தருகிலேயே இருக்கும். வரிசை போபாவின் மனப்பாடத்தில் இருக்கிறது. இந்தக் கலையின் பேரழகே அதுதான்.

பலர் இதைச் சுவர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தெய்வத்தின் கண்ணைக் கடைசியாக வரைந்ததும் அது வழிபாட்டுப் பொருள், நைந்துபோனால் புஷ்கர் ஏரியில் விடுவது வழக்கம்.