கெர்னல் வேலைக்கு ஆசைப்படும் மூன்றாமாண்டு மாணவருக்கு

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் வேலைக்குப் போக என்ன கோர்ஸ் சேர்வது என்று கேட்கிறீர்கள். ஃபீஸ் கட்டும் பணத்தை அப்பாவிடமே விட்டுவையுங்கள். சி மொழியும் லினக்ஸ் போட்ட லேப்டாப்பும் இருந்தால் போதும். எம்ஐடி பாடத்துக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற குட்டி இயங்குதளம் இலவசமாகவே கிடைக்கிறது. கணினியைப் போலவே நடிக்கும் கியூஇஎம்யூ என்ற மென்பொருளில் ஓடும், போர்டு வாங்க வேண்டாம்.

இன்டர்வியூவில் தவறாமல் வரும் கேள்வி: ஒரே மாறியை பிராசசரின் இரண்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும்? எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவது நமக்கு ஒரு வரி. பிராசசருக்கு எடு, கூட்டு, திருப்பி வை என மூன்று வேலை. இருவரும் 5ஐ எடுத்திருந்தால் இருவரும் 6ஐத்தான் வைப்பார்கள், 7 வராது. அதற்குத்தான் ஸ்பின்லாக்: ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விட்டு, மற்றதைச் சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு.

லாக் போடுவது சுலபம், அதைப் பிரிப்பதுதான் பாடு. 1996இல் வந்த லினக்ஸ் 2.0இல் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. ஒரு கோர் உள்ளே போனால் மற்றவை வாசலில் நிற்கும். அந்தப் பூட்டு அடியோடு போனது 2011இல், 2.6.39 பதிப்பில்.

அதே வேலையைச் சிறிய அளவில் செய்து பாருங்கள். எக்ஸ்வி6இல் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் kalloc.c கோப்பைத் திறந்தால், நினைவகத்தின் காலியான 4096 பைட் பக்கங்கள் எல்லாம் ஒரே பட்டியலில், ஒரே லாக்கின் காவலில் இருக்கும். கோருக்கு ஒரு பட்டியல், ஒரு லாக் என்று பிரியுங்கள். தன்னிடம் தீர்ந்தால் பக்கத்துக் கோரிடமிருந்து எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: தன் லாக்கைப் பிடித்தபடியே அடுத்தவர் லாக்கைக் கேட்பார்கள். 0வது கோர் 1ஐக் கேட்க, 1வது 0ஐக் கேட்க, இரண்டும் அப்படியே நின்றுவிடும். தன்னுடையதை விட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்க வேண்டும். இன்னொரு பொறி, எந்தக் கோரில் ஓடுகிறோம் என்று இன்டரப்டை (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தும் குறுக்கீட்டை) அணைக்காமல் கேட்பது. பதில் வந்த கையோடு டைமர் குறுக்கிட்டு வேறு கோருக்கு மாற்றிவிட, பட்டியலைத் தொடும்போது கோர் எண்ணை மறுபடி கேட்டால், 0இன் லாக்கைப் பூட்டிக்கொண்டு 1இன் பட்டியலில் கைவைக்கும் கூத்து நடக்கும்.

ஒரே கோரில் ஓட்டினால் இந்த இரண்டு பிழையும் தலைகாட்டாது. சிபியூ எண்ணிக்கையை 4 ஆக வையுங்கள். பத்து தடவை ஒழுங்காக ஓடிப் பதினோராவது தடவை உறைந்து நிற்கலாம். உடனே அணைத்துவிடாதீர்கள், பிழை தேடும் கருவியான ஜிடிபியை இணைத்து, ஒவ்வொரு கோரும் எந்த வரியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் தெரியும்’ என்ற வரியை எடுத்துவிட்டு அந்தக் குறிப்பைப் போடுங்கள்.

அப்பா அம்மாவுக்கு: இந்த வேலைக்கு கேம்பஸில் கூட்டமாக ஆள் எடுக்க மாட்டார்கள். சிப், கார் எலக்ட்ரானிக்ஸ், நெட்வொர்க் கருவி கம்பெனிகளில் ‘எம்பெடட் லினக்ஸ்’, ‘டிவைஸ் டிரைவர்’, ‘பிஎஸ்பி’ (போர்டு சப்போர்ட் பேக்கேஜ்) என்ற பெயர்களில் விளம்பரம் வரும். ‘கெர்னல்’ என்று மட்டும் தேடிவிட்டு வேலையே இல்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள்.